இரண்டு 3.3

அந்தக் காலத்தில், இயந்திரங்களுக்கும் வாய் இருந்தபோது, ஒரு மென்பொருள் கம்பெனியில் நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும்.

முதலாவது: ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புகளை ஓட்டும் மென்பொருளில் 1.2-க்கு அடுத்ததை 3.0 என்றார் மேலாளர் தனஞ்செயன். பெரிய எண் சீக்கிரம் விலைபோகுமாம். இரண்டாவது: பழுதான 3.2-ஐ அழித்துவிட்டு, அப்படி ஒன்று வரவே இல்லை என்று சாதித்தார். மூன்றாவதுதான் கொடுமை. வியாழக்கிழமை சோதனைப் பிரிவு மரகதவல்லி சோதித்துக் கையெழுத்திட்ட 3.3-இல், வெள்ளிக்கிழமை தனஞ்செயன் தாமே சில வரிகளை மாற்றினார்.

எல்லோரும் எழுதிய வரிகளைச் சேர்த்துக் கட்டித் தரும் பில்ட் மெஷின் கேட்டது: "சார், புது எண் போடலாமா?"

"சின்னத் திருத்தம்தான். அதே எண்ணில் கட்டு."

மெஷின் கட்டியது. வாய் இருந்தும் அதை மற்றவர்களிடம் சொல்லாமல் விட்டது அதன் குற்றம்.

திங்களன்று பம்புகள் நின்றன. பாதி ஊர் குடத்தோடு தெருவில் நின்றது.

"3.3 நீங்க பார்த்ததுதானே அம்மா? நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார் தனஞ்செயன், முப்பத்தொரு பேர் முன்னால்.

"நான் பார்த்த 3.3 நல்லா ஓடுச்சு சார்."

"3.3 என்ன ரெண்டா இருக்கு?"

"ரெண்டுதான்" என்றது மெஷின். "மாத்தினவர் பேரும் என்கிட்ட இருக்கு."

"சொன்னே, வாயைப் பிடுங்கிடுவேன்!"

"பேச விடுங்க சார்" என்றார் ஊழியர் சங்கத் தலைவர் அந்தோணிராஜ். "இல்லேன்னா அதையும் சங்கத்துல சேர்த்துடுவோம்."

மெஷின் படித்தது. மரகதவல்லியின் வேலை தப்பியது. ஆனால் அதோடு யாரும் எழுந்து போகவில்லை. இனி எண் போடுவது மெஷின்தான், அதற்குச் சம்மதிக்கும்வரை ஒரு வரிகூட எழுதமாட்டோம் என்று கையைக் கட்டி உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் தனஞ்செயன் எண்ணை விட்டுக்கொடுத்தார். ஆத்திரம் தீர, மெஷினின் வாயைப் பிடுங்கிக்கொண்டார். கொடுத்து வாங்காமல் எந்த உரிமை கிடைத்திருக்கிறது?

அன்று முதல்தான் பில்ட் மெஷின்கள் பேசுவதில்லை. ஒவ்வொரு முறை கட்டும்போதும், ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும், முன்னதைவிடப் பெரிய எண்ணைத் தாமே போட்டு, மாற்றியவர் பெயரைப் பக்கத்தில் எழுதி வைக்கின்றன. ஒரு மெஷின் கடைசியாக வாய்விட்டுப் படித்தது, முப்பத்தொரு பேர் சாட்சியாக, இதைத்தான்:

"இரண்டாவது 3.3. வெள்ளிக்கிழமை. சோதித்தவர், எவருமில்லை. மாற்றியவர், மா. தனஞ்செயன்."