ராஜாவுக்கு மேலே நின்ற மண்

முன்னொரு காலத்தில், மழை தம்மிடம் உத்தரவு கேட்டுக்கொண்டுதான் பெய்கிறது என்று நம்பிய ஒரு ராஜா இருந்தார். அவர் பெயர் அரிகண்டதேவர். அவர் புதிதாக ஒரு மாளிகை கட்டினார். கட்டி முடித்த அன்றே, சுவர் கண்ணில் படக் கூடாது, சுற்றிலும் பச்சை மட்டுமே தெரிய வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

நந்தவனத் தலைவர் மகிபாலர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். வண்டி வண்டியாக மண் கொண்டுவந்து, சுவரை ஒட்டி ஜன்னல் உயரத்துக்குக் குவித்தார். சுவரோரம் அத்தியும் வாழையும் நட்டார். அவற்றுக்குப் பின்னால், ராஜாவின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், துளசியும் மரிக்கொழுந்தும் வைத்தார். ராஜா மகிழ்ந்துபோய் ஓர் ஆணை பிறப்பித்தார். இந்தத் தோட்டத்திலிருந்து ஒரு கூடை மண்ணோ ஒரு செடியோ வெளியே போனால், கொண்டுபோனவரும் நாட்டை விட்டு வெளியே போக வேண்டும்.

அரசவை விகடன் சாத்தப்பன் மண்மேட்டைப் பார்த்தான். மாளிகை கழுத்துவரை போர்த்திக்கொண்டிருக்கிறது, வேர்க்கும் என்றான். மகிபாலருக்கு ஏற்கெனவே அவனைப் பிடிக்காது. இதையும் மனத்தில் வைத்துக்கொண்டார்.

ஐப்பசி மழை பிடித்தது. கூரைத் தண்ணீர் மேட்டில் இறங்கியது. போக வழியில்லாததால் சுவருக்குள் போனது. ராஜாவின் படுக்கையறையில் சுண்ணாம்புப் பூச்சு அப்பளம்போல் உப்பியது. ராணியின் பட்டுப் புடவைகளில் பூஞ்சை பிடித்தது. ராஜா தும்மினார். மரியாதைக்காகச் சபையும் தும்மியது.

சாத்தப்பன் வாய் வைத்ததால்தான் சுவர் வேர்த்தது, அவனே அதை நிறுத்தட்டும் என்று மகிபாலர் சொல்லிக்கொடுத்தார். ராஜாவும் அப்படியே கட்டளையிட்டார். கார்த்திகை தீபத்துக்குள் சுவர் உலர வேண்டும். இல்லையென்றால் சாத்தப்பன் ஊரைக் காலி செய்ய வேண்டும். பழைய ஆணையும் அப்படியே இருக்கும்.

அவன் மனைவி உமையாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அம்மிக்கல்லையும் தூக்கிட்டுப் போவணுமா, இல்ல போற ஊர்ல கெடைக்குமா?"

"இரு, இன்னும் எதையும் கட்டாதே" என்றான் சாத்தப்பன்.

அந்த அரண்மனையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ராஜாவின் முன்னால் நிற்பவர் அவர் பாதத்துக்குத் தாழ்ந்தே நிற்க வேண்டும். மூன்று முழம் தள்ளி நிற்க வேண்டும். குட்டையானவர் முன்னால், நெட்டையானவர் பின்னால். பார்த்து முடித்தவர் உடனே விலகிப் போக வேண்டும். யாராவது தவறினால், அவரை அழைத்து வந்தவர்தான் பொறுப்பு.

மறுநாள் காலையில் ராஜா ஜன்னலைத் திறந்தார். எதிரே இரண்டு முழங்கால்கள் தெரிந்தன.

"சாத்தப்பா, என் முகத்துக்கு மேலே நிற்கிறாயே?"

"நான் மண்ணின் மேல் நிற்கிறேன், அரசே. மண்தான் தங்கள் பாதத்துக்கு மேலே நிற்கிறது. அதை யாரும் கண்டிக்கவில்லை என்று பார்க்க வந்தேன்."

ராஜா குனிந்து தம் பாதத்தைப் பார்த்தார். பிறகு மண்ணைப் பார்த்தார். உடனே சபையைக் கூட்டினார்.

சாத்தப்பன் கட்டியக்காரரின் கோலை வாங்கிக்கொண்டு குற்றங்களைச் சொன்னான். வாழை நெட்டை, ஆனால் முன்வரிசையில் நிற்கிறது. துளசி குட்டை, இன்றுவரை ராஜாவைப் பார்த்ததில்லை. அத்தி மூன்று முழம் தள்ளி நிற்காமல் சுவருக்குள் வேரை நீட்டியிருக்கிறது. தண்ணீர் ராஜாவைப் பார்க்க வந்து பல நாளாகிறது, இன்னும் போகவில்லை.

"ஏன் போகவில்லை?" என்றார் ராஜா.

"போக வாசல் வைக்கவில்லை, அரசே."

மகிபாலர் சிரித்தார். "மண்ணுக்கும் மழைக்கும் மரியாதை தெரியுமா, அரசே?"

"என் நாட்டு மண்ணுக்கு என்னிடம் மரியாதை கிடையாது என்கிறீரா?" என்று ராஜா கேட்டார். மகிபாலர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"இவர்களை அழைத்து வந்தவர் யார்?" என்றார் ராஜா.

சபை முழுவதும் மகிபாலரைப் பார்த்தது. அவர் பழைய ஆணையை நினைவூட்டினார். எதுவும் வெளியே போகக் கூடாதே என்றார்.

"போக வேண்டாம்" என்றான் சாத்தப்பன். "மரியாதையாக நின்றால் போதும்."

மகிபாலர் மண்வெட்டி பிடித்தார். சாத்தப்பன் கோலோடு பக்கத்தில் நின்று, இன்னும் தாழ, இன்னும் தாழ என்றான். மண் மாளிகைத் தரைக்குக் கீழே இறங்கி, சுவரிலிருந்து விலக விலகச் சரிந்தது. சுவரோரம் மூன்று முழத்துக்குக் கூழாங்கல் பரப்பினார்கள். அதற்கப்பால் துளசி நின்றது, அதன் பின்னால் மரிக்கொழுந்து, அதன் பின்னால் வாழை. அத்தி மதில் ஓரத்துக்குப் போனது. சரிவின் முடிவில் ஒரு வாய்க்கால் வெட்டி, அரண்மனைக் குளத்தில் விட்டார்கள்.

அடுத்த மழை வந்தது. கூழாங்கல்லில் விழுந்தது, சரிவில் இறங்கியது, குளத்துக்குப் போனது. கார்த்திகை தீபத்தன்று ராஜா சுவரைத் தடவிப் பார்த்தார். கை உலர்ந்தே இருந்தது. அவர் தும்மவில்லை. சபைக்கும் சளி குணமாகிவிட்டது.

ராஜா மகிழ்ந்து, இனி சிம்மாசனத்தை ஒட்டியே உட்காரும்படி சாத்தப்பனுக்கு இடம் கொடுத்தார். அவன் கைகூப்பினான்.

"மூன்று முழம் தள்ளியே இருக்கிறேன், அரசே. ஒட்டி இருப்பவர்களால் என்ன ஆகும் என்று சுவரைக் கேட்டால் தெரியும்."

"வேறென்ன வேண்டும்?"

"ஒரு மாட்டுவண்டி. அடுத்த முறை தாங்கள் என்னைத் துரத்தும்போது அம்மிக்கல் ஏற்ற."

ராஜா கிரீடம் நழுவுமளவுக்குச் சிரித்தார். இரண்டு காளைகளோடு வண்டி கொடுத்தனுப்பினார். உமையாள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, அம்மிக்கல் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து தேங்காய் அரைத்தாள்.