கால்மாட்டில் வைத்த பஞ்சு

குரு குயிலியம்மாளின் குடில் பாதி வருஷம் மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும், பாதி வருஷம் அந்தப் பக்கம். தை பிறந்ததும் குருவும் சீடர்களும் கணவாய் வழியாக நடந்து போவார்கள். நடுவில் ஒரு ராத்திரி மேலே தங்க வேண்டும். தரையில் உறைபனி கிடக்கும். அதனால் இரண்டு மரத்துக்கு நடுவே ஆளுக்கொரு தூளி கட்டிப் படுப்பார்கள். பிள்ளைத் தூளி மாதிரிதான், ஆள் படுக்கிற அளவுக்குப் பெரிசு.

தூளியில் குளிர் கீழே இருந்துதான் வரும். மேலே எத்தனை போர்த்தினாலும் முதுகு விறைக்கும். உள்ளே மெத்தை விரித்தால் ஆள் பாரத்தில் பஞ்சு நசுங்கிப்போகும், நசுங்கின பஞ்சில் சூடு நிற்காது. அதனால் தூளிக்கு வெளியே, அடியில் ஒட்டினாற்போல் ஒரு இலவம்பஞ்சு மெத்தையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அதுதான் அடிமெத்தை. அவரவர் மெத்தையை அவரவர்தான் தைக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முதல் நாள் குரு ஒவ்வொரு தூளியாக வருவார். ஆளைப் படுக்கச் சொல்லி, மெத்தைக்கு அடியில் கை வைத்துப் பார்ப்பார். சரியில்லை என்றால் அந்த ஆளுக்கு அந்த வருஷம் மலை கிடையாது.

சீடர்களில் வஞ்சி மட்டும் போன வருஷம் போகவில்லை. அப்போது நிறைமாதம். அவள் புருஷன் மருதையன் அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலைக்குப் போனவன் போனவன்தான். பொம்மி பிறந்து, குப்புற விழுந்து, தவழவும் ஆரம்பித்துவிட்டாள். அவன் இன்னும் பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை.

வஞ்சிக்குப் போகவும் பயம். போகாமல் இருக்கவும் பயம். தைக்க உட்கார்ந்தாள், அளவு பிடிபடவில்லை.

குரு முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வஞ்சியைவிட வயதில் சின்னவர். குரு அவளை அக்கா என்பார், அவள் குருவை அம்மா என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இரண்டு பேருக்கும் வராது.

"அம்மா, அடிமெத்தை எவ்வளவு நீளம் வைக்கணும்?"

"படுத்துப் பாருங்க அக்கா."

வஞ்சி போய்த் தூளியில் பொம்மியைப் படுக்க வைத்துப் பார்த்தாள். கால்மாட்டுப் பக்கம் போட்டாள். தூளிக்கு அடியில் கையை விட்டாள். சில்லென்று இருந்தது. தையலைப் பிரித்து இன்னும் ஒரு சாண் கூட்டினாள்.

பஞ்சு ஆளுக்கு ஒரு கூடைதான். அதற்கு மேல் அடைத்தால் மூட்டை பெருத்து ஏற்றத்தில் ஆளைப் பின்னால் இழுக்கும். நீளம் கூடக் கூட மெத்தை மெலிந்தது. அவள் தலைமாட்டில் இருந்தும் நடுவில் இருந்தும் பஞ்சைத் தள்ளித் தள்ளிக் கால்மாட்டில் சேர்த்தாள்.

பொன்னுரங்கம் என்கிற சீடன் அந்தப் பக்கமாக விறகோடு வந்தான். நின்று பார்த்தான்.

"அக்கா, இது தூளிக்கா, தேருக்கா?"

"உன் வேலையைப் பாரு தம்பி."

"என் வேலை முடிஞ்சிருச்சு. தோள்ல இருந்து முட்டி வரைக்கும் மெத்தை. காலுக்கு ஒரு சாக்குல சருகு. அவ்வளவுதான்."

"உனக்கென்ன, தனிக்கட்டை."

"கட்டைக்கு ஏத்த உறைதானே தைக்க முடியும்?" என்று சொல்லிவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். கையில் ஒரு பிடி பஞ்சு.

"எனக்கு முதுகுல கொழுப்பு இருக்குக்கா. நீங்க வச்சுக்குங்க."

வஞ்சிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பஞ்சையும் கால்மாட்டில்தான் வைத்தாள்.

மறுநாள் மறுபடி குருவிடம் போனாள்.

"அம்மா, நீட்டினா மெலியுது. சுருக்கினா பாப்பா படுக்கிற இடம் வெறுமையா நிக்குது. போன வாரம்தான் அவளுக்குச் சளி விட்டுச்சு. மேலே போய் ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா நான் யார்கிட்ட போவேன்?"

"பாப்பா எங்க படுப்பா?"

"கால்மாட்டுல. பக்கத்துல போட்டா தூக்கத்துல நசுக்கிடுவேனோன்னு பயமா இருக்கு."

"நீங்க?"

"நான் எப்படியோ படுத்துக்குவேன்."



"படுத்துப் பாருங்க அக்கா."

இதைத்தானே அன்றைக்கும் சொன்னார். பிள்ளை பெறாதவருக்கு இந்தப் பயம் எங்கே புரியும் என்று வஞ்சிக்குத் தோன்றியது. தோன்றினதும் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போய்ப் பொம்மியைத் தூளியில் போட்டாள். மறுபடி அடியில் கையை விட்டாள். இந்தத் தடவை கால்மாடு கதகதவென்று இருந்தது. மற்ற இடங்களைத் தொட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

குரு மெத்தை பார்க்கிற நாள் வந்தது. மதியச் சாப்பாடு ஆனதும் எல்லாரும் தோப்பில் தூளி கட்டினார்கள்.

முதலில் பொன்னுரங்கம் ஏறிப் படுத்தான். குரு அடியில் கையை விட்டார்.

"கூசுதும்மா, கூசுதும்மா! சீக்கிரம்!"

"போகலாம்" என்றார் குரு.

அடுத்தது வஞ்சியின் தூளி. இந்த முடிச்சில் இருந்து அந்த முடிச்சு வரைக்கும் மெத்தை நீண்டு கிடந்தது. தையல் ஒழுங்காக, பார்க்க அழகாக இருந்தது. கால்மாட்டில் தலையணை மாதிரிப் புடைத்துக்கொண்டிருந்தது. அந்த மேட்டுக்கு மேலே, தூளிக்குள், பொம்மி தூங்கிக்கொண்டிருந்தாள்.

குரு மேட்டைத் தொட்டுப் பார்த்தார். வஞ்சி அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஏறுங்க அக்கா."

"நானா? பாப்பா தூங்குதும்மா. முழிச்சுக்கும்."

"ஏறுங்க."

வஞ்சி புடவையைச் செருகிக்கொண்டு மெல்ல ஏறினாள். உட்கார்ந்தாள். காலை நீட்டிப் படுத்தாள்.

அவள் பாரத்துக்குத் தூளி நடுவில் பள்ளமாக இறங்கியது. கால்மாடு மேலே தூக்கிக்கொண்டது. பொம்மி தூக்கம் கலையாமலே சறுக்கி, உருண்டு, அம்மாவின் இடுப்பில் வந்து முட்டி நின்றாள். கண்ணைத் திறக்காமல் சிணுங்கினாள். அப்படியே கையால் பற்றி ஊர்ந்து, நெஞ்சில் ஏறி, ரவிக்கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூங்கிப்போனாள்.

பொன்னுரங்கம் சிரிக்க வாயெடுத்தான். குரு திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

குரு கால்மாட்டு மேட்டுக்கு அடியில் கையை வைத்தார்.

"இங்க யார் இருக்கா?"

"யாரும் இல்லம்மா."

கை நகர்ந்து வஞ்சியின் முதுகுக்கு அடியில் வந்தது.

"இங்க?"

வஞ்சிக்கு உடம்பு சிலிர்த்தது. நடுவே மெத்தையே இல்லாததுபோல் குருவின் விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பாத்திரம் கழுவின கை, இன்னும் ஜில்லென்று இருந்தது.

"நான் தாங்கிக்குவேன்மா. எனக்குக் குளிர் பழக்கம்தான்."

குரு கையை எடுக்கவில்லை. வைத்தபடியே நின்றார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குளிர் வஞ்சியின் முதுகில் இருந்து விலாவுக்கு ஏறியது. விலாவில் இருந்து நெஞ்சுக்கு வந்தது. அவளுக்கு நடுக்கம் எடுத்தது. அவள் நடுங்க, நெஞ்சில் கிடந்த பிள்ளையும் சேர்ந்து நடுங்கியது. பொம்மி முகத்தைச் சுளித்து, அழுவதற்கு உதட்டைப் பிதுக்கினாள்.

குரு கையை எடுத்துக்கொண்டார்.

வஞ்சி பிள்ளையை இறுக்கி அணைத்தாள்.

"அப்ப நான் போக முடியாதா அம்மா? அவர் அங்க காத்துக்கிட்டிருப்பார்."

குரு தூளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இடுப்பில் இருந்து சின்னக் கத்தியை எடுத்துக் கால்மாட்டுத் தையலைப் பிரித்தார். அடைத்து வைத்திருந்த பஞ்சு வெள்ளையாகப் பொங்கிக்கொண்டு வந்தது. அதை அள்ளி மடியில் போட்டுக்கொண்டார்.

"வெயில் இருக்கும்போதே தைச்சிடலாம். ஊசியை எடுங்க."

வஞ்சி பிள்ளையோடு இறங்கினாள். ஊசியைக் கோத்தாள். நூல் இரண்டு தடவை தவறியது. மெத்தைத் துணியை மடியில் விரித்துக்கொண்டு, எங்கே வெட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு நீளம்மா?"

"உங்க தோள்ல இருந்து உங்க முட்டி வரைக்கும்."

"பாப்பாவுக்கு?"

குரு மடியில் இருந்த பஞ்சை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"பாப்பாவுக்கு மெத்தை இருக்கு அக்கா. அந்த மெத்தைக்குத்தான் அடியில ஒண்ணும் இல்ல."