மூடிய கைக்குள் என்ன?

முன்னொரு காலத்தில் பூவாற்று நாட்டை நெடுங்கோவேள் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் சபையில் யாரும் "தெரியாது" என்று சொல்லக் கூடாது, சிம்மாசனத்துக்கே அவமானமாம்! அதனால் வானத்து நட்சத்திரம் எத்தனை என்று கேட்டாலும் ஆளுக்கொரு கணக்குச் சொல்லுவார்கள்.

அந்த அரண்மனைக்குப் படிக்க வந்தாள் தையல்நாயகி, எண்ணெய் வியாபாரியின் எட்டு வயது மகள். ஒருமுறை கேட்டால் மறக்கமாட்டாள். ராஜாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. விருந்தாளி யார் வந்தாலும் "கூப்பிடு குழந்தையை!" என்பார். கேள்வி மேல் கேள்வி கேட்டார்களே தவிர, புதிதாக ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. எங்கே பதில் தப்பாகிவிடுமோ என்ற பயத்தில், பாவம், குழந்தைக்குச் சோறே இறங்கவில்லை.

தலைமைப் பண்டிதர் பரமேசுவரருக்கோ வயிற்றெரிச்சல். "மகாராஜா, நாளை ஒரு சோதனை வைப்போம். ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றாலும் இவளுக்குப் படிப்பு கிடையாது, வீட்டுக்கு அனுப்பிவிடலாம்" என்றார். ராஜாவும் வீராப்பாகச் சரி என்றுவிட்டார்.

தூணுக்குப் பின்னால் விசும்பிக்கொண்டிருந்த குழந்தையை மந்திரி சொக்கப்பர் பார்த்தார்.

"எனக்கு இன்னும் நெறைய படிக்கணும், ஐயா."

"நாளைக்கு மனசுல பட்டதைச் சொல்லு கண்ணு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் மந்திரி மூடிய கையை நீட்டினார். "இதற்குள் என்ன? எல்லாரும் சொல்லலாம்."

"முத்து!" என்றார் ராஜா.

"சந்தேகமென்ன, திருநீறு!" என்றார் பண்டிதர்.

குழந்தை அந்த மூடிய கையையே உற்றுப் பார்த்தாள். "எனக்குத் தெரியலையே, ஐயா... தெறந்து காட்டுறீங்களா?"

"சொல்லிவிட்டாள்! அனுப்புங்கள் வெளியே!" என்று பண்டிதர் குதித்தார்.

மந்திரி கையைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன விதை.

"மகாராஜா, இத்தனை பேரில் திறந்து காட்டச் சொன்னது இவள் ஒருத்திதான். எல்லாம் தெரிந்தவர்களுக்கு நான் எதைக் காட்டுவது?"

ராஜாவின் தலை தானாகக் குனிந்தது. "இனி கேள்வி கேட்பது குழந்தை, பதில் தேடுவது நம் வேலை. பண்டிதரே, நீங்களும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்" என்றார். பண்டிதருக்கு முகத்தை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

விதையைத் தோட்டத்தில் நட்டார்கள். "என்ன செடி வரும், மகாராஜா?" என்று கேட்டாள் குழந்தை.

ராஜா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குனிந்து அவள் காதோரம் சொன்னார்: "தெரியாதே, அம்மா."

கலகலவென்று சிரித்தாள். அன்று மத்தியானம் அவளே கேட்டு இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.