வெள்ளச்சி எடுத்த தூணி

"எந்தத் தூணியும் எனக்குப் பத்தாது போலிருக்கே, ஆசானே" என்றாள் வெள்ளச்சி.

ஆசான் கொற்றி அம்புக்கு இறகு கட்டிக்கொண்டிருந்தாள். வில்லில் அந்த மலைக்கே ஆசான். வயதில் வெள்ளச்சியைவிட இளையவள். அதனால் மாணவியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

சுவரில் அம்பு வைக்கும் தூணிகள் தொங்கின. மூங்கில் குழாயில் செய்தது ஒன்று. எருமைத்தோலில் ஒன்று. மரப்பட்டையை வளைத்துத் தைத்த குட்டைத் தூணி ஒன்று. இருப்பதிலேயே பெரியது மூங்கில். வெள்ளச்சி அதை இறக்கி, கொள்ளுமட்டும் அம்பைத் திணித்துவிட்டு, இன்னும் நாலு வைக்க இடமில்லையே என்று நின்றாள்.

"எதுக்கு அக்கா இத்தனை?"

"முதல் அம்பு தப்பினா இன்னொண்ணு வேணுமே."

"அதுவும் தப்பினா?"

"அதுக்குத்தான் இத்தனை."

கூடப் பயிலும் உடும்பன் சிரித்தான். அக்கா பன்றியைக் கொல்லப் போகிறாளா, அதற்கு விறகு சுமந்து போடப் போகிறாளா என்று கேட்டான். எருமைத்தோல் தூணி அவனுடையது. மயிலிறகும் பன்றிப் பல்லும் கோத்து அதில் தொங்கவிட்டிருந்தான்.

வெள்ளச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. தினைக்காட்டை உழுதுபோட்ட அந்த ஒற்றைப் பன்றிதான் அவள் புருஷன் தொடையையும் கிழித்தது. அவன் இன்னும் எழுந்து நடக்கவில்லை. வேட்டைக்கு ஆள் அனுப்பாத வீட்டுக்கு இறைச்சியில் பங்கு கிடையாது என்பது அந்த மலையின் வழக்கம். விடிந்தால் வேட்டை. அவள் போகாவிட்டால் அடுப்பு எரியாது. போனால், கைக்குழந்தை குட்டானுக்குச் சாயங்காலம் தாய் இருப்பாளா என்பது தெரியாது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அம்பை மட்டும் கூடுதலாகக் கேட்டாள்.

கொற்றி எழுந்து முற்றத்துக்கு வந்தாள்.

அங்கே வேங்கை மரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் குட்டான் தூங்கிக்கொண்டிருந்தான். பல் முளைக்கிற நேரம். தூங்க வைப்பதற்குள் தாயின் பாடு பெரும்பாடாகியிருந்தது. மரத்தடியெல்லாம் சருகு.

தூணியை மாட்டிக்கொண்டு, தொட்டிலை ஒட்டி நடந்து, சுனைவரை போய்த் திரும்ப வேண்டும் என்றாள் ஆசான்.

"பன்றிக்கும் இதே காதுதான். யார் நடக்கையில பிள்ளை முழிக்குதோ, அவங்க நாளைக்கு வீட்டுல இருக்கலாம்."

உடும்பன் முதலில் போனான். காலை நன்றாகத்தான் வைத்தான். ஆனால் முதுகில் அம்போடு அம்பு மோதியது. பன்றிப் பல் தாளம் போட்டது. தொட்டிலைத் தாண்டுமுன் குட்டான் வீரிட்டான்.

வெள்ளச்சி ஓடிப்போய் அவனைத் தோளில் போட்டுத் தட்டினாள். வெகுநேரம் ஆயிற்று. மறுபடி தொட்டிலில் கிடத்தி, அவன் பிடியிலிருந்த கையை ஒவ்வொரு விரலாக உருவிக்கொண்டாள்.

இப்போது அவள் முறை.

மூங்கில் தூணியை மாட்டி ஓரடி வைத்தாள். முதுகில் அம்புகள் கலகலத்தன. தொட்டில் லேசாக அசைந்தது.

நின்றுவிட்டாள்.

தூணியைக் கழற்றினாள். உள்ளே போய்க் குட்டைத் தூணியை எடுத்து வந்தாள். மூங்கில் தூணியிலிருந்த அம்புகளை ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, கோணல் இல்லாத மூன்றை மட்டும் எடுத்தாள். தன் சேலைத் தலைப்பைக் கிழித்தாள். ஒவ்வோர் அம்பையும் தனித்தனியே சுற்றினாள். மிச்சத் துணியைத் தூணியின் அடியில் திணித்தாள்.

முதுகில் மாட்டவில்லை. நெஞ்சோடு தொங்கவிட்டு, பிள்ளையை அணைப்பதுபோல் இடக்கையால் அணைத்துக்கொண்டாள்.

பிறகு நடந்தாள்.

முதலில் பாதத்தின் ஓரம். சருகு பணிந்த பிறகு குதிகால். அவசரமே இல்லை. தூங்கின பிள்ளையைப் பாயில் விட்டுவிட்டு, பானைகளுக்கு நடுவே ஒரு தாய் எப்படி விலகிப் போவாளோ அப்படிப் போனாள்.

சுனையைத் தொட்டுத் திரும்பி வந்தாள். குட்டான் விரல் சூப்பியபடி கிடந்தான்.

இந்த நடையை யாரிடம் படித்தாய் அக்கா என்று உடும்பன் ரகசியக் குரலில் கேட்டான். வெள்ளச்சி தாடையால் தொட்டிலைக் காட்டினாள். காட்டிய தாடையை அதற்குப் பிறகு அவள் தாழ்த்தவில்லை.

நாளை வேட்டையில் முன்னால் நடப்பது வெள்ளச்சி என்றாள் கொற்றி. அவள் கால் வைத்த இடத்தில்தான் மற்ற எல்லோரும் கால் வைக்க வேண்டும். ஆசானும்தான்.

இன்னொரு முறை நடந்து பார்ப்பதற்காக உடும்பன் பன்றிப் பற்களை அவிழ்க்கப் போனான். கொற்றி அருகில் வந்தாள்.

"பயம் போச்சா, அக்கா?"

வெள்ளச்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லை, ஆசானே."

"எங்கே வச்சிருக்கே?"

வெள்ளச்சி நெஞ்சோடு கிடந்த தூணியைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

தொட்டிலில் பிள்ளை அசையவில்லை.