யானைமொழித் தேர்வுக்குப் போன நரி

குளமெல்லாம் வறண்டு, குடிக்க ஒரு வாய்த் தண்ணீருக்கும் வழியில்லாமல் போன ஒரு காட்டில் நரி ஒன்றும் முள்ளம்பன்றி ஒன்றும் வசித்து வந்தன. நரிக்குத் தன் மூளையைப் பற்றி ரொம்பப் பெருமை. முள்ளம்பன்றி எதையும் மெதுவாகத்தான் செய்யும்.

மலைக்கு அந்தப் பக்கம் யானைகளின் காடு. அங்கே வற்றாத சுனை உண்டு. ஆனால் உள்ளே குடியேற வேண்டுமானால் யானைமொழித் தேர்வில் தேற வேண்டும். "விலகு, மிதித்துவிடுவேன்" என்று யானை சொல்வது புரியாதவன் அங்கே எத்தனை நாள் உயிரோடு இருப்பான், நீங்களே சொல்லுங்கள்!

நரி ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. போன கோடையில் தேர்வில் தேறிய முயல் ஒன்று, சொந்தக்காரர்களைப் பார்க்க வந்தபோது, தான் சொன்ன பதிலை யானைமொழியிலேயே பெருமையாகச் சொல்லிக் காட்டியது. புதருக்குப் பின்னால் படுத்திருந்த நரி அதை ஓர் எழுத்து விடாமல் உருப்போட்டுவிட்டது. அர்த்தம்? அதைப் பற்றி நரி கவலைப்படவே இல்லை.

முள்ளம்பன்றி வேறு மாதிரி. யானைகள் பேசுவதை மலையோரமாக நின்று கேட்டது. முதலில் விஷயத்தைச் சொல்கிறார்கள், பிறகு காரணத்தைச் சொல்கிறார்கள், கடைசியில் "அதனால்" என்று முடிக்கிறார்கள். அந்த அமைப்பையும், தினமும் புழங்கும் சொற்கள் கொஞ்சத்தையும் கற்றுக்கொண்டது.

"என்னப்பா இது, வெறும் பானையைத் தூக்கிக்கொண்டு விருந்துக்குப் போகிறாயே! என்னிடம் சமைத்த சோறே இருக்கிறது" என்று, பதில் எதையும் உருப்போடாத முள்ளம்பன்றியை நரி கேலி செய்தது.

"இருக்கட்டும் நரியாரே. என்ன கேட்கிறார்களோ, அதை இதில் போட்டுக் கொடுப்பேன்" என்றது முள்ளம்பன்றி.

தேர்வு நாள் வந்தது. தலைவி யானை முதலில் முள்ளம்பன்றியைக் கேட்டது: "உன்னால் எங்களுக்கு என்ன தொல்லை வரும்?"

முள்ளம்பன்றி இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவே இல்லை. கொஞ்சம் யோசித்தது. "என் முள் உங்கள் காலில் குத்தலாம். ஏனென்றால், நடக்கும்போது அது உதிரும். அதனால் நான் பாதை ஓரமாக நடப்பேன்" என்று தட்டுத் தடுமாறிச் சொன்னது. உச்சரிப்பு கொஞ்சம் கோணல்தான். தலைவி சிரித்துக்கொண்டே உள்ளே விட்டது.

அடுத்தது நரி. "உனக்கு என்ன வேலை தெரியும்?" என்று தலைவி கேட்டது.

நரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மடமடவென்று ஒப்பித்தது: "வணக்கம் அம்மா! நான் வளையில் பிறந்தவள். எனக்கு இரண்டு நீளமான காதுகள்!"

குட்டி யானைகள் தும்பிக்கையால் வாயைப் பொத்திக்கொண்டன.

"நான் கேட்டது அதுவல்ல" என்றது தலைவி.

தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து நரி குரலை இன்னும் உயர்த்தியது: "எனக்குப் பசும்புல் என்றால் உயிர். நரியைக் கண்டால்தான் குலைநடுக்கம். அந்தத் திருட்டுப் பயலை மட்டும் தயவுசெய்து உள்ளே விடாதீர்கள்!"

தலைவி நரியை மேலும் கீழும் பார்த்தது. "நல்லது. அப்படியே செய்கிறோம்" என்று சொல்லித் தும்பிக்கையை வழியில் குறுக்கே நீட்டியது.

நரி உள்ளே நின்ற முள்ளம்பன்றியைப் பார்த்து, "தம்பி, அம்மா என்ன சொன்னார்? தேறிவிட்டேன்தானே?" என்று ஆவலோடு கேட்டது.

முள்ளம்பன்றிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "நரியை உள்ளே விட வேண்டாம் என்று கேட்டீர்களே. நீங்கள் கேட்டபடியே செய்துவிட்டார்" என்றது.

தான் ஒப்பித்த பதிலின் அர்த்தம் நரிக்கு அப்போதுதான் தெரிந்தது. சுனையின் சலசலப்பைக் கேட்டபடி, காய்ந்த நாக்கோடு வந்த வழியே திரும்பி நடந்தது.

நீதி: பேசும் முறையைப் பிறரிடம் கற்றுக்கொள்; பேச வேண்டியதை நீயே யோசித்துச் சொல்.