கீரிக்குக் கிடைக்கக் கூடாத ஆமை

சடையன் என்கிற நரிக்குப் பூவாயி என்கிற கீரியைக் கண்டாலே வயிறு எரியும்.

காரணம் கபடி. மூங்கில் காட்டில் மாசி பிறந்தால் போட்டி நடக்கும். ஜெயிக்கிற அணிக்குக் கோடை முழுவதும் குளத்தின் கிழக்குக் கரை. தண்ணீர் நிற்பது அங்கே மட்டும்தான். மேற்குக் கரையில் வெறும் சேறு. கீரியின் அணி இரண்டு வருஷமாக ஜெயித்தது. நரியின் அணி இரண்டு வருஷமாகச் சேற்றை நக்கியது.

"அரை முழ உடம்பு! அதுக்கு எவ்வளவு மிதப்பு பார்!" என்று நரி பொருமிக்கொண்டே திரியும்.

நரியின் அணியில் மடக்கிப் பிடிக்க ஆள் உண்டு. மூச்சுப் பிடித்துப் பாடிப் போய், தொட்டுவிட்டு ஓடிவரத்தான் ஆள் இல்லை. புள்ளிமான் மட்டும் கிடைத்தால் போதும். அது நரிக்கு நன்றாகவே தெரியும்.

ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுப்பது அந்தக் காட்டு வழக்கம். அணிக்கு இருபது கூடை இலந்தைப் பழம். தலைவர்கள் மட்டும் ஏலக் களத்துக்குள் வரக் கூடாது. முன்பு ஒரு தடவை வந்து ஒருவரை ஒருவர் கடித்துவைத்தார்கள். அதிலிருந்து ஓடைக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். அவர்கள் அனுப்பும் ஆள் உள்ளே போய்க் கேட்கும்.

ஏலத்தன்று கீரி தன் ஆளான அணிலைத் தனியே அழைத்துப் போனது. விரல் மடக்கி ஏதோ சொன்னது. அதை மூன்று தடவை அணிலைத் திருப்பிச் சொல்ல வைத்தது.

நரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படி என்ன ரகசியம் பேசுதோ!"

நரியின் ஆள் தொப்ளான் குரங்கு. "நாம யாரை எடுக்கணும் அண்ணே?" என்று கேட்டது.

"கீரியோட ஆள் யாரைக் கேட்டாலும் விடாதே!"

"சரி அண்ணே. ஆனா நமக்கு யாரு வேணும்னு..."

"சொன்னதைச் செய்யுடா! போ!"

இருவாச்சிப் பறவை ஏலம் போட்டது. முதலில் முள்ளம்பன்றி. அணில் இரண்டு கூடை என்றது. குரங்கு மூன்று என்றது. விட்டுக்கொடுக்காமல் ஏறிப் பன்னிரண்டு கூடைக்கு முடித்தது.

ஓடைக் கரையில் நரி துள்ளிக் குதித்தது. "போச்சா கீரி! போச்சா!"

தான் யாரைக் கேட்டாலும் குரங்கு ஒரு கூடை ஏற்றிக் கேட்கும் என்பது அணிலுக்கு விளங்கிவிட்டது. குரங்கிடம் மிச்சம் எட்டுக் கூடைதான். அந்த நேரம் பார்த்து ஆமை களத்துக்குள் நடந்து வந்தது. "ஆமைக்கு ஏழு கூடை!" என்று கத்தியது அணில்.

"எட்டு!" என்றது குரங்கு.

அணில் வாயை மூடிக்கொண்டது. "மூணு தரம்!" என்றது இருவாச்சி.

"ஐயோ, நான் சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன்!" என்றது ஆமை. நரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கீரியின் முகம் வாடுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தது. கீரி சிரித்தது.

"அடுத்து புள்ளிமான்!"

"ஒரு கூடை!" என்றது அணில்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்!"

"கேளுடா தொப்ளான்! கேளு!" என்று தொண்டை கிழியக் கத்தியது நரி.

குரங்கு இரு கைகளையும் விரித்தது. "கூடை தீர்ந்துபோச்சு அண்ணே!"

"மூணு தரம்!"

ஒரே ஒரு கூடைக்குக் கீரியின் பக்கம் போய் நின்றது மான்.

ஏலம் முடிந்து திரும்பிய குரங்கின் மேல் நரி பாய்ந்தது. "மடையா! நமக்கு மான்தான் வேணும்னு உனக்குத் தெரியாதா?"

"நீங்க மானோட பேரைச் சொல்லவே இல்லையே அண்ணே! கீரியோட பேரைத்தானே சொன்னீங்க! அணில்கிட்ட அதோட தலைவி, 'மான் வேணும், பத்துக் கூடை வரைக்கும் போ, அதுக்கு மேல போனா விட்டுடு'ன்னு சொல்லி அனுப்பிச்சாம், அணிலே சொல்லிச்சு!"



போட்டி நடந்தது. மான் பத்துத் தடவை பாடி வந்து, பத்துத் தடவையும் தொட்டுவிட்டுப் போனது. நரியின் பக்கத்திலிருந்து பாடிப் போன ஆமை நடுக்கோட்டை எட்டுவதற்குள் மூச்சு விட்டுவிட்டது.

அந்தக் கோடையிலும் நரி மேற்குக் கரையில்தான் கிடந்தது. எதிர்க்கரையில் மான் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துப் பார்த்து வெந்தது. பக்கத்தில் எட்டுக் கூடை ஆமை சேற்றில் சுகமாகத் தூங்கியது.

அடுத்தவருக்குக் கிடைக்கக் கூடாது என்று பொறாமையில் பேசுகிறவர், தமக்கு என்ன வேண்டும் என்பதைத் தம் ஆளிடமே சொல்ல மறந்துவிடுவார்.