தண்ணீரைத் தொட்ட கிளை

குளத்தங்கரை மருதமரத்தில் அறுபது மைனாக்கள் குடியிருந்தன. அதே மரத்தடிப் பொந்தில் ஓர் உடும்பும் இருந்தது. மரத்துக்கு யார் தலைவர் என்று வருஷா வருஷம் சித்திரை முதல் நாள் தேர்தல் நடக்கும்.

ஓட்டுப் போடுவது சுலபம். வேட்பாளருக்கு ஆளுக்கொரு கிளை. எல்லாக் கிளைகளும் குளத்துக்கு மேலே நீண்டிருக்கும். பிடித்தவர் கிளையில் போய் உட்கார்ந்தால் அது ஓட்டு. எந்தக் கிளை முதலில் தண்ணீரைத் தொடுகிறதோ அந்த ஆள்தான் தலைவர். தொட்டதா இல்லையா என்று கீழே மிதந்தபடி ஆமை பார்த்துச் சொல்லும். ஜெயித்த இனம் மட்டும்தான் மரத்தின் உச்சி வரை போகலாம். மைனாக்களின் கூடுகளெல்லாம் அங்கேதான் இருந்தன.

உடும்பும் ஒவ்வொரு தடவையும் தேர்தலில் நிற்கும். தனியாள் பாவம். அது ஏறினால் கிளை நன்றாக வளையும், ஆனால் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நின்றுவிடும். அறுபது மைனாவும் உட்கார்ந்த கிளையோ தொபுக்கென்று குளத்தில் முங்கும். உடும்பு நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டு இறங்கிப் போய்விடும்.

இந்த வருஷம் மைனாக்களுக்குக் கொழுப்பு ஏறிப்போயிற்று.

"கூட்டுக்குள்ளே பாம்புச் சட்டைதான் விரிக்கணும். அதுதான் நம்ம வழக்கம்" என்றது தலைவர் முத்தையன் மைனா.

"பஞ்சுதான் விரிக்கணும். பாம்புச் சட்டையிலே மனுஷன் படுப்பானா?" என்று எகிறியது அதன் மச்சான் காத்தமுத்து. தான் மனுஷன் இல்லை என்பதே கோபத்தில் அதற்கு மறந்துவிட்டது.

கட்சி உடைந்தது. பாதி மைனாக்கள் சட்டைக் கட்சி. மீதி பஞ்சுக் கட்சி. இரண்டையும் சேர்த்து வைக்கிறோம் என்று ஒன்பது மைனாக்கள் கிளம்பி, ஒற்றுமைக் கட்சி என்று மூன்றாவது ஒன்றை ஆரம்பித்தன! 

முத்தையனின் மனைவி பேச்சி மட்டும் எதிலும் சேரவில்லை. அது காத்தமுத்துவின் அக்கா. உச்சிப் பொந்தில் அதற்கு நாலு முட்டைகள் இருந்தன. புருஷனிடமும் தம்பியிடமும் மாறி மாறிப் பறந்து கெஞ்சியது.

"ஒரே கிளையிலே உட்காருங்கய்யா. உடும்பு ஜெயிச்சா என் முட்டை என்ன ஆகும்?"

"இது கொள்கை, பேச்சி" என்றது முத்தையன்.

"கொள்கை பேசறப்போ முட்டையை நடுவிலே இழுக்காதே அக்கா" என்றது காத்தமுத்து. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாமனும் மச்சானும் ஒத்துப்போனார்கள்.

தேர்தல் நாள் வந்தது. மூன்று கட்சிகளும் மூன்று கிளைகளில் உட்கார்ந்தன. எதுவும் தண்ணீரைத் தொடவில்லை. நாலாவது கிளையில் உடும்பு வழக்கம்போல ஒரு சாண் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

காற்று கொஞ்சம் அடித்தது. பஞ்சுக் கிளையும் சட்டைக் கிளையும் மாறி மாறி இரண்டு விரல் இறங்கின. முத்தையனுக்கு வயிறு எரிந்தது.

"நாம தோத்தாலும் பரவாயில்லை, மச்சான் ஜெயிக்கக் கூடாது. எல்லாரும் உடும்புக் கிளைக்குப் போங்க!" என்று கத்தியது.

அதே நொடியில் காத்தமுத்துவுக்கும் அதே யோசனை வந்திருந்தது. என்ன இருந்தாலும் சொந்தக்காரர்கள் அல்லவா? இரண்டு பட்டாளமும் இரண்டு பக்கத்திலிருந்து பறந்து வந்து உடும்புக் கிளையில் இறங்கின.

ஒற்றுமைக் கட்சிக்குக் கண்ணில் ஆனந்தக் கண்ணீர். "எல்லாரும் ஒரே கிளையிலே சேர்ந்துட்டாங்க, நாம சாதிச்சுட்டோம்!" என்று கூவிக்கொண்டு அந்த ஒன்பதும் அங்கேயே போய் உட்கார்ந்தன.

தொபுக்!

"உடும்பு ஜெயிச்சாச்சு" என்றது ஆமை, முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைத்தபடி.

"நான் ஒண்ணுமே பண்ணலையே" என்றது உடும்பு. அதற்கே நம்ப முடியவில்லை. பிறகு நிதானமாக மரத்தில் ஏறியது. பேச்சி கதறிக்கொண்டு அதன் முதுகைக் கொத்து கொத்தென்று கொத்தியது. அந்தத் தடித்த தோலில் ஒன்றும் உறைக்கவில்லை. உடும்பு ஒரு கூட்டையும் விடவில்லை.

வாயை நக்கிக்கொண்டு அது இறங்கும்போது முத்தையனும் காத்தமுத்துவும் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தன.

"தலைவரே, நீங்க பொதுவான ஆள். எல்லாக் கூட்டையும் பார்த்துட்டு வந்திருக்கீங்க. எது நல்லா இருந்துச்சு, சட்டையா பஞ்சா?"

"உள்ளே ஏதாச்சும் விரிச்சிருந்தீங்களா?" என்று கேட்டது உடும்பு. "நான் முட்டையைத்தான் பார்த்தேன்."

பேச்சி காலிப் பொந்தில் போய் உட்கார்ந்தது.

தன் ஆள் ஜெயிக்கக் கூடாது என்று வீம்பு பிடிப்பவர்கள், கடைசியில் எதிரியின் கிளையில் உட்கார்ந்து தங்கள் வீட்டையே இழப்பார்கள்.